நாடித் துடிப்பு சாவியானால், அது யார் கையில் இருக்கும்?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கைபேசி உறையும் சார்ஜரும் விற்கிற மேசைகளில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் குவிந்து கிடக்கிறது. செம்பனைக் குலை வெட்டப் போகும் பையன்களிலிருந்து ஈப்போ தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் பெண்கள் வரைக்கும் எல்லார் கையிலும் ஒன்று. காலடி எண்ணுகிறது, தூக்கத்தைக் கணக்குப் போடுகிறது, நாடித் துடிப்பைக் காட்டுகிறது. சரி, அதுவரைக்கும் யாருக்கும் தொந்தரவு இல்லை. இந்தத் துடிப்பையே ஆளுக்கான அடையாளமாக வைத்துக் கதவைத் திறக்கலாம், வங்கிக் கணக்குக்குள் நுழையலாம், வேலைக்கு வந்ததைப் பதியலாம் என்ற பேச்சு எழும்போதுதான் விஷயம் வேறு மாதிரி ஆகிறது.

நடக்குமா, நல்லதா என்று இரண்டு கேள்வி கேட்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: ஓரளவுக்கு நடக்கும், ஆய்வுக்கூடத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. என் கருத்தை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கைரேகை நீங்கள் யார் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். துடிப்பு, நீங்கள் யார் என்று சொல்லும்போதே உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். அந்த இரண்டாவது சேதி யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது தெளிவாகாமல், இதை வேலையிடத்துக்குள் விடக்கூடாது.

கைரேகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பக்கம் பயோமெட்ரிக், அதாவது உடம்பை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையின் பிரச்சினை அங்கேதான் ஆரம்பமானது. 2001 செப்டம்பரில் மைகாட் என்ற தேசிய அடையாள அட்டை வந்தபோது அதன் சில்லுக்குள் இரண்டு கட்டைவிரல் ரேகையும் போய்விட்டது. அன்றிலிருந்து வங்கிக்குப் போனால் அந்த அட்டையை, அதாவது ஐசியை, கருவியில் சொருகி, விரலைக் கண்ணாடியில் வைக்கச் சொல்கிறார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கு அது இரண்டு வினாடி வேலை. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தலைமுறைக்கு அப்படி இல்லை. வருடக்கணக்காக உளி பிடித்து, பால் வாளி தூக்கி, பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தில் கை நனைத்து, விரல் நுனியில் மேடு பள்ளமே மழுங்கிப் போயிருக்கும். எங்கள் அத்தையைப் பென்ஷன் கணக்கு விஷயமாக ஒரு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, வலது கட்டைவிரல் ஏறவில்லை, இடதும் ஏறவில்லை. “ஆண்ட்டி, தெக்கான் குவாட் சிக்கிட்” என்று கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னார், இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள் என்று. அத்தை முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். கருவி சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. கடைசியில் மேலாளர் வந்து, வேறு பாரம் பூர்த்தி செய்து, வேலை முடிந்தது. ஆனால் அவ்வளவு நேரமும் தான் தான்தான் என்று நிரூபிக்க முடியாமல் அவர் நின்ற நிலை இருக்கிறதே, அது யாருக்கும் வரக்கூடாது.

இன்னொரு சம்பவமும் இந்த நாட்டுக்காரர்கள் மறக்கக் கூடாதது. 2005இல் கோலாலம்பூர் புறநகர் ஒன்றில், விரல் வைத்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிற மெர்சிடிஸ் காரைத் திருட வந்த கும்பல், சொந்தக்காரரின் விரலையே வெட்டி எடுத்துக்கொண்டு போனது. உலகம் முழுக்கச் செய்தியானது அது. உடம்பின் ஒரு பகுதியைச் சாவியாக்கினால், சாவி வேண்டியவன் உடம்பின் மேல் கை வைப்பான் என்பது அப்போது தெரிந்துபோனது. அதற்குப் பிறகுதான் விரல் உயிரோடு இருக்கிற ஆளுடையதா என்று கருவி பார்க்க வேண்டும் என்ற பேச்சு பொதுவெளியிலும் வலுத்தது.

ஆக, தேயாத அடையாளம் வேண்டும், உயிரோடு இருப்பவரிடம் மட்டும் கிடைக்கிற அடையாளம் வேண்டும். இதயத் துடிப்பு இரண்டுக்கும் பொருந்தி வருகிறது. உளி பிடித்தாலும் அமிலம் பட்டாலும் இதயம் அடிக்கிற விதம் மழுங்குவதில்லை, ஆள் செத்துவிட்டால் சாவியும் இல்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு இதன் மேல் ஆசை வந்ததில் நியாயம் இருக்கிறது. நம் தோட்டத்து ஆட்களுக்கே இதனால் நன்மை வரலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில் நிறையப் பேருக்கு ஒரு குழப்பம். வாட்ச் முகப்பில் 72, 80 என்று காட்டுகிற எண்ணில் அடையாளம் எதுவும் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் ஒரே எண் வரலாம். அடையாளம் இருப்பது ஒவ்வொரு துடிப்பின் வடிவத்தில். மருத்துவமனையில் இசிஜி எடுக்கும்போது தாளில் வருகிற கோட்டை நினைத்துப் பாருங்கள்: முதலில் சின்ன மேடு, அப்புறம் ஊசி மாதிரி ஓர் உயரம், கடைசியில் அகலமான ஒரு மேடு. இந்த மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன், இசிஜி கண்டறிதலுக்காக 1924இல் நோபல் பரிசு வாங்கியவர். இதயத்தின் அளவு, நெஞ்சுக்குள் அது சாய்ந்திருக்கும் கோணம், தசையின் தடிமன், மின்னோட்டம் அதற்குள் போகும் பாதை எல்லாமே ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் கோட்டின் வடிவமும் வேறுபடுகிறது. மருத்துவர்களுக்கு இது வெகுநாளாகத் தெரியும். அதை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று 2001இல் ஸ்வீடனில் லேனா பீல் என்பவரின் குழு இருபது பேரை வைத்துச் செய்துகாட்டியது. இந்தத் துறையில் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிற ஆரம்ப ஆய்வுகளில் அது ஒன்று.

கையில் கட்டுகிற வாட்ச் இரண்டு வழியில் துடிப்பைப் பிடிக்கிறது. பின்பக்கம் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது ஒரு வழி. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். துடிப்பு வரும்போது மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை ஓர் உணரி வினாடிக்குப் பல தடவை அளந்து அலையாக வரைகிறது. அந்த அலையிலும் ஆளுக்கொரு சாயல் இருக்கிறது, ரத்தக் குழாய் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது வரைக்கும் அதில் தெரியும். இன்னொரு வழி மின்சாரம். வாட்சின் அடிப்பக்கம் மணிக்கட்டைத் தொட்டிருக்க, மறு கையின் விரலைப் பக்கவாட்டுப் பொத்தானில் வைத்தால் நெஞ்சு வழியாக ஒரு சுற்று உண்டாகும், அதில் இசிஜி கிடைக்கும். 2018இல் ஆப்பிள் வாட்சின் நான்காம் வரிசையில் இது வந்தது, பிறகு மற்ற நிறுவனங்களும் கொண்டுவந்தன. இதோடு வாட்சுக்குள் அசைவை அளக்கிற ஓர் உணரியும் உண்டு. நீங்கள் நடக்கும்போது கை வீசுகிற விதம், கால் பதிகிற தாளம் எல்லாம் அதில் பதியும். நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி தனியாக ஒரு பெரிய கிளை.

அலை கிடைத்ததும் கருவி அதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. மேடுகளுக்கு இடையிலான தூரம், உயரம், சரிவு என்று அளந்து எண்களாக்கி ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமிக்கிறது. அடுத்த தடவை வரும் அலையை இந்த டெம்ப்ளேட்டோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடும். ஒரு வரம்பைத் தாண்டினால் திறக்கும். இந்த வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. தளர்த்தினால் அந்நியன் நுழைவான், இறுக்கினால் சொந்தக்காரரே வெளியில் நிற்பார். நூறு சதவீதம் சரியாக இருக்கும் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும், இரண்டு வகைத் தவறும் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கடையில் வாங்குகிற பிரபல வாட்சுகள் துடிப்பின் வடிவத்தைப் பார்த்து உங்களை அடையாளம் காண்பதில்லை. ஆப்பிள் வாட்ச் காலையில் ஒரு தடவை எண் கேட்கும். அப்புறம் தோலை விட்டு விலகாத வரைக்கும் அதே ஆள்தான் என்று எடுத்துக்கொள்ளும், கழற்றினால் பூட்டிக்கொள்ளும். முகக்கவசம் போட்டிருந்தாலும் ஐஃபோனை வாட்ச் மூலம் திறக்கும் வசதி 2021இல் வந்ததும் இந்த அடிப்படையில்தான். துடிப்பு அங்கே செய்கிற வேலை, கையில் கட்டியிருக்கிறதா, கழற்றியாயிற்றா என்று சொல்வது மட்டும். எளிமையான ஏற்பாடு, ஆனால் கெட்டிக்காரத்தனமானது: ரகசியம் எண்ணில் இருக்கிறது, எண்ணை மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

துடிப்பையே சாவியாக்கிச் சந்தைக்கு வந்தவர்களும் உண்டு. கனடாவின் டொராண்டோவில் பயோனிம் என்ற நிறுவனம் 2013இல் நைமி என்ற கைப்பட்டையை அறிவித்தது. அணிந்து, மறு கை விரலால் தொட்டால் இசிஜியைப் படித்து, ஆளை உறுதி செய்து, கணினியையும் கதவையும் திறக்கும் என்றார்கள். பெரிய வரவேற்பு. 2017இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே கைப்பட்டையை வைத்துச் சோதித்தார்கள். நாற்பத்தொரு தன்னார்வலர்கள். ஒருவருடைய இசிஜியை வேறு ஏதாவது கருவியில் பதிந்து, அதைக் கைப்பட்டை எதிர்பார்க்கிற சாயலுக்குக் கணக்குப் போட்டு மாற்றி, சாதாரண ஒலிக்கருவி வழியாக மின் சமிக்ஞையாகக் கொடுத்தார்கள். 81 சதவீதம் வெற்றி. இதில் நான் கவலைப்படுவது அந்த “வேறு ஏதாவது கருவி” என்ற இடத்தில்தான். நெஞ்சு வலிக்கிறதென்று கிளினிக்குக்குப் போய் எடுத்த இசிஜித் தாள், உடற்பயிற்சிக் கூடத்துக் கருவியில் பதிந்த அலை, எல்லாமே கள்ளச் சாவி செய்ய மூலப்பொருளாகிவிடும். நைமி பின்னாளில் கைரேகையைச் சேர்த்துக்கொண்டு, அணிந்திருப்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்ப்பதற்கு இதயத் துடிப்பை வைத்துக்கொண்டது. அது சரியான இடம் என்பேன்.

உடம்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாரந்தூக்கி ஓடியதும் அலை சுருங்கும், காய்ச்சலில் மாறும், ரத்த அழுத்த மாத்திரை மாற்றினால் மாறும், மாரடைப்பு வந்து போனால் இசிஜியின் வடிவமே வேறாகிவிடலாம். சாவி வேலை செய்ய வேண்டிய மிக முக்கியமான நேரத்தில், அதாவது ஆள் சுகமில்லாமல் இருக்கும்போது, அது வேலை செய்யாமல் போகும் வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம் நம் தோல். கறுப்பான தோலில் மெலனின் அதிகம், மெலனின் ஒளியை உறிஞ்சும், ஆகவே உணரிக்குத் திரும்பி வருகிற ஒளி குறையும். விளக்கைக் கூட்டி ஈடுகட்டுகிறார்கள், ஆனால் வேர்வையும் அசைவும் சேர்ந்தால் சமிக்ஞை இன்னும் பலவீனமாகும். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி வேறு நிற ஒளியில் இயங்குவது, மருத்துவமனைத் தரமானது. அதுவே கறுப்பினத்தவரிடம் ஆக்ஸிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. அத்தனை காலமாக உலகமே நம்பிய கருவி அது. வெயிலில் கறுத்த கையோடு, வேர்வையோடு, கொக்கிக் கத்தி பிடித்துத் தலைக்கு மேல் இழுக்கிற ஆளின் மணிக்கட்டில் வைத்து இந்தப் பயோமெட்ரிக்கைச் சோதித்தார்களா என்று கேட்காமல், இங்கே யாரும் இதை வாங்கக் கூடாது. கைரேகையில் அத்தை பட்டது போதும்.

மலிவு வாட்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை விளக்கு உணரிக்கு எதிரில் ஒளியைத் திருப்பி அனுப்புகிற எந்தப் பொருள் இருந்தாலும், மென்பொருள் சரியில்லையென்றால் அதில் ஒரு துடிப்பைக் “கண்டுபிடித்துவிடும்”. பாசார் மாலாமில் வாங்கிய ஒன்றைச் சுருட்டிய துண்டில் கட்டி மேசை மேல் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எண்பதுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் காட்டியது, அப்புறம் ஏறி இறங்கி விளையாடவும் செய்தது. இதை நம்பிக் காலடி எண்ணலாம், அதற்கு மேல் எதுவும் ஒப்படைக்க முடியாது. ஆனால் அதன் செயலி கேட்ட அனுமதிகளைப் பாருங்கள்: பிறந்த தேதி, எடை, இருக்கும் இடம், தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி. அளவு தப்பாக இருந்தாலும் ஆள் விவரம் சரியாகவே போய்ச் சேருகிறது.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

பெயரையும் ஐசி எண்ணையும் எடுத்துவிட்டால் உடல்நலத் தரவு பெயரில்லாத் தரவாகிவிடும், அதை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நிறுவனங்கள் சொல்வது வழக்கம். 2018இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைப் போட்டு உடைத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் அசைவுமானி அணிந்த 4,720 பெரியவர்களின் தரவை எடுத்தார்கள். இதய அலை இல்லை, இருப்பிடம் இல்லை, அந்தந்த நேரத்தில் எவ்வளவு நடந்தார்கள் என்ற கணக்கோடு வயது, பாலினம் போன்ற சாதாரண விவரங்கள்தான். அதை வைத்தே ஏறக்குறைய 95 சதவீதம் பேரை அவரவர் பதிவோடு சரியாகப் பொருத்திவிட்டது கணினி. நாம் எப்போது எழுகிறோம், எப்போது ஓடியாடுகிறோம், எப்போது உட்காருகிறோம் என்ற ஒழுங்கே ஒரு கையெழுத்தாக இருக்கிறது. சுங்கை சிப்புட் மாதிரி சின்ன ஊரில், ஒரே தோட்டத்தில் இருநூறு பேர் வேலை செய்கிற இடத்தில், பெயரை எடுத்துவிட்டோம் என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

இடத் தரவு சேர்ந்தால் இன்னும் மோசம். ஸ்ட்ராவா என்ற ஓட்டப்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் தன் பயனாளர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து, பெயர் எதுவும் இல்லாமல், ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்து, பாலைவனத்தின் நடுவில் ஒளிரும் கோடுகள் ராணுவத் தளங்கள் என்று சொன்னார். சிப்பாய்கள் காலையில் ஓடிய ஓட்டம் தளத்தின் உருவத்தையே வரைந்து கொடுத்துவிட்டது.

நீதிமன்றத்துக்கும் இது போய்விட்டது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2016இல் வீடு தீப்பிடித்ததாகச் சொன்ன ஒருவர், தீயைப் பார்த்ததும் அவசரமாகப் பொருட்களை மூட்டை கட்டி ஜன்னல் வழியாக வெளியே போட்டேன் என்றார். அவர் நெஞ்சில் இருந்த, துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவியின் பதிவைப் போலீஸ் உத்தரவு வாங்கி எடுத்துப் பார்த்தது. அவர் சொன்ன வேலைகளைச் செய்த இதயம் இப்படி அடித்திருக்க வாய்ப்பில்லை என்று இதய மருத்துவர் கருத்துச் சொல்ல, தானே தீ வைத்ததாக வழக்குப் பாய்ந்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பது வேறு. உயிரைக் காப்பாற்ற வைத்த கருவி சாட்சி சொன்னது, அதுவும் அவரைக் கேட்காமல். 2019இல் இன்னொரு செய்தி வந்தது. ஜெட்சன் என்று பெயரிட்டு அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய லேசர் கருவி, இருநூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் மார்பு அதிர்வைச் சட்டை வழியாகவே அளந்து, நல்ல சூழ்நிலையில் 95 சதவீதத்துக்கு மேல் சரியாக ஆளைச் சொல்கிறதாம். வாட்சையாவது கழற்றி வைக்கலாம், இதற்கு என்ன செய்வது?

சரி, ராணுவத்தை விடுங்கள். நம்மைத் தொடுகிற இடம் பிரட்டுக் களம், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம். ஒரு காலத்தில் இருட்டோடு இருட்டாக வரிசையில் நிற்க, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட, கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் புள்ளி போட்டார். இப்போது கைரேகை, முகம் என்று பல இடங்களில் கருவி வந்துவிட்டது. நாளைக்குக் கைப்பட்டை வரும் என்று வைத்துக்கொள்வோம். கட்டினால் வருகைப் பதிவு, கழற்றினால் இல்லை. வருகையைப் பதிகிற அதே கருவிக்கு வேறு என்னென்ன தெரியும்? நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று தெரியும். சாராயம் குடித்த ராத்திரியில் ஓய்வுத் துடிப்பு கூடும், அது தெரியும். கர்ப்பம் தரித்தால் ஆரம்ப வாரங்களிலிருந்தே ஓய்வுத் துடிப்பு மெதுவாக ஏறும். புருஷனிடம் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு பெண்ணின் விஷயம் மேலாளரின் திரையில் கோடாக வந்து நிற்கலாம். ஐம்பது வயது ஆளின் துடிப்பு தாளம் தப்புகிறதா என்பது தெரியும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரத்தில் இதையெல்லாம் பார்க்கவே மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கிற முதலாளி எத்தனை பேர்?

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. செம்பனைக் காட்டில் வெயில் ஆளைக் கொல்லும். உடம்புச் சூடும் துடிப்பும் எல்லை மீறும்போது கைப்பட்டை எச்சரித்தால் ஓர் உயிர் தப்பும். உண்மைதான், நானும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு ஆளின் அடையாளம் எதற்கு? எச்சரிக்கை அவரவர் கையிலேயே அதிர்ந்து சொன்னால் போதும், பக்கத்தில் வேலை செய்பவருக்குச் சத்தம் கேட்டால் போதும். பாதுகாப்புக்காகக் கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தரவை அலுவலக சர்வரில் பெயரோடு சேமித்தால், அங்கே காரணம் வேறு.

காப்புறுதிப் பக்கமும் இப்படித்தான். அமெரிக்காவின் ஜான் ஹான்காக் நிறுவனம் 2018இல் தன் ஆயுள் காப்புறுதிகள் எல்லாவற்றையும் கைக்கருவித் தரவோடு இணைத்த திட்டத்துக்குள் கொண்டுவருவதாக அறிவித்தது. நடந்தால் சலுகை என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறது. நடக்க முடியாதவருக்கு அதன் மறுபக்கம் வரும். உடற்பயிற்சிக் கைப்பட்டை செய்யும் ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகிள் வாங்கியபோது ஐரோப்பிய ஒன்றியம், அதன் உடல்நலத் தரவைப் பத்து வருடத்துக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் 2020 டிசம்பரில் அனுமதித்தது. அந்த நிபந்தனை ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. உடல்நலத் தரவு முதலிலிருந்தே அதில் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய நுட்பமான (சென்சிட்டிவ்) தரவு, வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பொதுவாகத் தொடக்கூடாது. 2024 திருத்தத்தில் பயோமெட்ரிக் தரவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. உடல் அமைப்பு, உடலியக்கம், நடத்தை மூன்றையும் அதன் வரையறை தொடுவதால் கைரேகை மட்டுமல்லாமல் துடிப்பும் நடையும் உள்ளே வருகின்றன. விதிகளை மீறினால் அபராதம் மூன்று லட்சம் ரிங்கிட்டிலிருந்து பத்து லட்சமாக, சிறை இரண்டு வருடத்திலிருந்து மூன்றாக உயர்ந்தது. 2025 ஜூனிலிருந்து, தரவு கசிந்தால் நிறுவனம் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பெரிய தீங்கு வரக்கூடியதாக இருந்தால் அதன் பிறகு ஏழு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மத்திய, மாநில அரசுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இன்னொரு ஓட்டை, சம்மதம் என்ற அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேலை வேண்டும் என்று நிற்பவர் முன்னால் நீட்டிய தாளில் போடுகிற கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

வெளிநாட்டுத் தொழிலாளர்களை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நம் தோட்டங்களில் இன்று குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசியாவின் எஃப்ஜிவி, சைம் டார்பி பிளான்டேஷன் என்ற இரண்டு தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெயையும் கட்டாய உழைப்பு அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லித் தடுத்தது. அந்த அறிகுறிகளில் ஒன்று, தொழிலாளியின் அடையாள ஆவணத்தை முதலாளி பிடித்து வைப்பது. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தால் குற்றம் என்று இன்று எல்லாருக்கும் தெரியும். அவர் துடிப்பின் டெம்ப்ளேட்டைக் கம்பெனி சர்வரில் பூட்டி வைத்தால்? பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது அவர் கைக்கு வந்துவிடும். டெம்ப்ளேட்டை அழித்துவிட்டோம் என்று சொன்னால் அவர் எதைப் பார்த்து நம்புவார்?

அழிந்ததா என்று தெரியாத தரவு கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2019இல் பயோஸ்டார் 2 என்ற கதவுப் பூட்டு அமைப்பின் தரவுத்தளம் இணையத்தில் திறந்து கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைரேகை அதில் இருந்தது. நம் நாட்டிலேயே 2017இல் நாலு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கைபேசி எண்களின் விவரம் கசிந்தது வெளியே வந்தது. எண்ணை மாற்றினோம். விரலை மாற்ற முடியாது, இதயத்தையும்தான்.

ஆகவே வேலையிடத்தில் யாராவது கைப்பட்டையை நீட்டினால் முதலில் கேட்க வேண்டியது, ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை கைப்பட்டைக்குள்ளேயே நடக்கிறதா, இல்லை சர்வருக்குப் போகிறதா என்பது. உள்ளேயே நடந்து, ஆம் அல்லது இல்லை என்ற பதில் மட்டும் வெளியே வருமானால் பாதிக் கவலை தீர்ந்தது. அடையாளத்துக்கு எடுத்த அலையிலிருந்து உடல்நலக் கணக்கு எதையும் போட மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். கட்ட விரும்பாதவருக்கு அட்டை, எண் என்று வேறு வழி இருக்க வேண்டும், அதற்காகச் சம்பளத்திலோ வேலையிலோ குறை வைக்கக் கூடாது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கேட்கவும், கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறவும் சட்டத்தில் உரிமை இருக்கிறது. மறுத்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். சொந்தமாக வாங்கிய வாட்ச் என்றால், செயலிக்குத் தொடர்பு எண்ணும் குறுஞ்செய்தியும் தேவையே இல்லை, அந்த அனுமதிகளை எடுத்துவிடுங்கள். பழையதை விற்கும் முன் உள்ளே இருப்பதை அழித்து, செயலியில் கணக்கையும் மூடுங்கள்.

தனி ஆளாகக் கேட்டால் கேள்வி கேட்டவரின் பெயர்தான் முதலில் கெடும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் கூட்டு ஒப்பந்தம் பேச உட்காரும்போது சம்பளம், மருத்துவ விடுப்பு, வீடு பற்றிய பிரிவுகளோடு இதற்கும் ஒரு பிரிவு கேட்க வேண்டும்: தொழிலாளியின் உடம்பிலிருந்து எடுக்கிற தரவு எது, எதற்கு, யார் பார்க்கலாம், வேலையை விட்டுப் போனால் எத்தனை நாளில் அழிக்கப்படும், அழிந்ததை யார் வந்து சரிபார்ப்பார்கள் என்று. கைப்பட்டை பிரட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அந்தப் பிரிவு எழுதப்பட வேண்டும்.